இலவச ஒளிபரப்பு: கருவி மலிவு, தமிழ் அருமை

திருப்பூர் காதர்பேட்டையில் மொத்த விலைக்குப் பனியன் வாங்கி, வேனில் அடைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாரச் சந்தை, தேர்த் திருவிழா, ஆடிக் கூட்டம் என்று அவர்களுடைய பயணம் நீளும். பகலில் வேனின் பக்கக் கதவு கடையாகிறது. இரவில் மூட்டைகளை ஓரம் தள்ளினால் அதுவே படுக்கையறை. மேலைநாடுகளில் கட்டிலும் அடுப்பும் பொருத்திய வண்டியில் விடுமுறைக்காகச் சுற்றுகிறார்கள். நம் பக்கத்தில் வண்டியில் குடியிருப்பது பிழைப்புக்காக.

அப்படி ஒரு வேன் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் கேட்டார்: "ஏனுங்க சார், மாசா மாசம் காசு கட்டாம வண்டியில டி.வி. பார்க்கறதுக்கு வழி இருக்குதுங்களா? மூவாயிரத்துக்கு மேல போகக் கூடாதுங்க." அவரும் அவர் மகனும் மாதத்தில் பாதி இரவுகளை அந்த வேனில்தான் கழிக்கிறார்கள். மகன் அஞ்சல் வழியில் பி.காம். படிக்கிறான். "வழி இருக்கிறது" என்று நான் உடனே சொல்லிவிட்டேன். அந்தப் பதில் பாதிதான் சரி என்பது பிறகுதான் விளங்கியது.

வழி என்று நான் சொன்னது தூர்தர்ஷனின் 'டிடி ஃப்ரீ டிஷ்'. 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் 33 அலைவரிசைகளுடன் தொடங்கிய சேவை இது. சந்தா கிடையாது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நின்றபடி இதைப் பொழிகிறது. டிஷ், அதன் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி., கேபிள், பெட்டி எல்லாம் சேர்ந்து சுமார் 2,000 ரூபாய்க்குள் முடியும். நாட்டில் 4 கோடிக்கு மேற்பட்ட வீடுகள் இதைப் பார்ப்பதாக மதிப்பிடப்படுகிறது.

முதலில் கருவியைப் பாராட்டிவிடுகிறேன். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் நம் நாட்டில் 'சைட்' என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை நடந்தது. அமெரிக்காவிடமிருந்து இரவலாகப் பெற்ற ஏ.டி.எஸ்.-6 கோளின் மூலம் 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குப் படம் வந்தது. அன்று கிராமத்தில் நிறுத்திய டிஷ்ஷின் குறுக்களவு 3 மீட்டர். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையால் அதைச் செய்தார்கள்! வலையின் ஓட்டை வழியே அலை ஒழுகிவிடாதா என்று கேட்பீர்கள். அன்றைய அதிர்வெண் 860 மெகாஹெர்ட்ஸ், அதாவது அலைநீளம் 35 சென்டிமீட்டர். ஒரு விரல் நுழையும் ஓட்டை அந்த அலைக்குச் சுவர் மாதிரிதான். இன்றைய அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே வலை உதவாது, வழவழப்பான தகடு வேண்டும். ஆனால் அலை குறுகியதால் 60 சென்டிமீட்டர்த் தட்டே போதும். வேனின் கூரையில் பாய்க்கு அருகே கிடக்கும். நல்ல பொறியியல் என்றால் இதுதான்.

பெட்டிகளில் பல 12 வோல்ட்டில் இயங்குபவை. வேனின் மின்கலமும் 12 வோல்ட். ஆகவே இன்வெர்ட்டர் வாங்கி, 12-ஐ 230 ஆக்கி, மறுபடியும் அடாப்டரில் 12 ஆக்கும் வீண் சுற்று தேவையில்லை. ஃபியூஸ் ஒன்றை நடுவில் வைத்து நேரே இணைக்கலாம். பெட்டியின் பின்னால் எழுதியிருக்கும் வோல்ட்டை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். லாரிக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பெரிய லாரிகளில் இருப்பது 24 வோல்ட். அதில் அப்படியே செருகினால் பெட்டி அன்றே புகைந்துவிடும். 24-ஐ 12 ஆக்கும் சிறு மாற்றி கடைகளில் கிடைக்கிறது.

இனிக் குறைகளுக்கு வருவோம். எங்களுக்குக் கிடைத்த விளக்கத்தாளில் ஒரே ஓர் ஊருக்குரிய கோணங்கள்தாம் அச்சாகியிருந்தன. கணக்கிட்டுப் பார்த்தபோது அவை தில்லிக்கு உரியவை என்று தெரிந்தது. தில்லியில் நின்றால் ஜிசாட்-15 தெரியும் திசை, வடக்கிலிருந்து வலப்புறமாக 149 பாகை. உயரம் 52 பாகை. திருப்பூரிலோ திசை 124 பாகை, உயரம் 67 பாகை. அதாவது நமக்கு அது தென்கிழக்கில், ஏறக்குறைய உச்சியை நோக்கி இருக்கிறது. விற்பனையில் இருக்கும் தட்டுகள் நடுவிலிருந்து விலகிக் குவிப்பவை. அவற்றின் முகம், அலை வரும் உயரத்தைவிட ஏறத்தாழ 25 பாகை தாழ்ந்தே நிற்கும். எனவே 67 பாகை உயரத்தைப் பிடிக்கும் தட்டு பார்வைக்கு 42 பாகைதான் அண்ணாந்திருக்கும். இது தெரியாமல் தட்டை வானம் பார்க்கப் படுக்க வைத்துவிட்டு ஒரு மாலை முழுவதும் நாங்கள் தேடினோம்.

இதைவிடப் பெரிய வம்பு எல்.என்.பி.யின் திருகல். கோளிலிருந்து வரும் அலை ஒரு குறிப்பிட்ட தளத்தில் அதிர்கிறது. வாங்கும் கருவியும் அதே தளத்தில் திரும்பியிருக்க வேண்டும். தில்லியில் இதற்குச் சுமார் 27 பாகை திருப்பினால் போதும். திருப்பூரில் 55 பாகை வேண்டும்! தட்டுக்குப் பின்னால் கோளைப் பார்த்தபடி நின்று, இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். தில்லி அளவிலேயே விட்டுவிட்டால் நமக்கு வேண்டிய அலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அதே அதிர்வெண்ணில் குறுக்குத் தளத்தில் வேறோர் அலை இருந்தால் அதுவும் உள்ளே புகுந்து கலக்கும். சில அலைவரிசைகள் வருகின்றன, சில கட்டம் கட்டமாக உடைகின்றன என்று பலர் குறைப்படுவதற்கும், "பெட்டி சரியில்லை, வேறு வாங்குங்கள்" என்று கடைக்காரர் சொல்வதற்கும் பல நேரம் இதுவே காரணம். நண்பரிடமும் அதையே சொன்னார்கள். அவர் இரண்டாவது பெட்டியும் வாங்கிவிட்டார். 55 பாகை என்ற ஓர் எண்ணை அச்சடித்திருந்தால் அந்த 900 ரூபாய் மிஞ்சியிருக்கும். மாவட்டத் தலைநகரங்களுக்கு ஒரு சிறு அட்டவணை தமிழில் போட்டுப் பெட்டிக்குள் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

வீட்டுக்கூரையில் ஒரு முறை சரிசெய்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வண்டிக்கு ஒவ்வோர் ஊரிலும் மறுபடியும் செய்ய வேண்டும். திருப்பூரிலிருந்து கன்னியாகுமரி போனால் திசை 124-இலிருந்து 116 பாகையாகவும், உயரம் 67-இலிருந்து 69 ஆகவும் மாறுகிறது. 60 சென்டிமீட்டர்த் தட்டு பிடிக்கும் கற்றையின் அகலமோ மொத்தமே 3 பாகை. ஆகவே 'சும்மா அப்படியே வைத்தால் வரும்' என்பது நடக்காது. தானே தேடிக்கொள்ளும் குமிழ் வடிவ ஆண்டெனாக்கள் வெளிநாட்டு வண்டிகளில் உண்டு. அவை பல பத்தாயிரம் ரூபாய் பிடிக்கும். ஓடும்போதே பிடிப்பவை இன்னும் அதிகம். பனியன் விற்பவருக்கு அவை வேண்டாம். ஓடும் வண்டியில் ஓட்டுநர் கண்ணில் திரை படுவது ஆபத்தும் கூட.

நாங்கள் செய்தது இதுதான். பழைய டயர் ரிம் ஒன்றில் குழாயைச் செங்குத்தாகப் பற்றவைத்தோம். அதில் டிஷ்ஷை மாட்டி, திருப்பூருக்குரிய உயரத்தையும் எல்.என்.பி. திருகலையும் பெயிண்டால் குறித்துவிட்டோம். வண்டி நின்றதும் ரிம்மைத் தரையில் வைத்து, ரசமட்டத்தால் குழாய் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் சாய்ந்தால் எந்தக் கணக்கும் பலிக்காது. பிறகு தட்டை இடவலமாக மெதுவாகத் திருப்பினால் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் முள் காட்டி ஒன்று இருந்தால் வேலை 5 நிமிடம்.

மாணவர்கள் செய்து பார்க்க ஒரு சோதனையும் உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள்கள், காலை 11 மணி சுமாருக்கு, நம் பகுதியிலிருந்து பார்க்கும்போது சூரியன் இந்தக் கோளுக்கு நேர் பின்னால் வந்துவிடும். சூரியனின் இரைச்சல் அலைகள் புகுந்து, சில நிமிடம் படம் கெடும். அந்த நேரத்தில் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் விழுந்தால், கோளுக்கும் உங்களுக்கும் நடுவில் மரமோ சுவரோ இல்லை என்று பொருள். காசில்லாத திசைகாட்டி அது.

ஐப்பசி மழையில் படம் நின்றுவிடும் என்று பயமுறுத்துவார்கள். இந்த அலைகளை மழைத்துளி விழுங்குவது உண்மைதான். ஆனால் கோள் நமக்கு 67 பாகை உயரத்தில் இருப்பதால் அலை மழையைக் கிழித்துவரும் தூரம் குறைவு. பெருமழையில் சிறிது நேரம் நிற்கும், பிறகு வந்துவிடும்.

ஆக, படம் வந்தது. நண்பர் வேனுக்குள் உட்கார்ந்து அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். இந்தி, மறுபடி இந்தி, போஜ்புரி, பஞ்சாபி, இந்திப் பாடல், இந்திச் செய்தி. நெடுநேரம் கழித்து டிடி தமிழ் வந்தது. நாம் பொதிகை என்று அழைத்து வந்ததற்கு 2024 ஜனவரியில் இட்ட பெயர் அது. தமிழ் என்று சொல்லிக்கொள்ள அதைத் தவிர அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இதில் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசாக்காரர்கள் தங்கியிருக்கும் அறைகளின் மாடியில் இதே தட்டு நிற்பதைப் பார்க்கலாம். ஊரைவிட்டு வந்தவர்களுக்குத் தங்கள் மொழியில் ஒரு பாட்டும் செய்தியும் கிடைப்பது நல்லதே. கேள்வி, அது ஏன் தமிழனுக்குத் தமிழ்நாட்டிலேயே கிடைக்கவில்லை என்பது.

காரணம் கோளில் இல்லை, கணக்கில் இருக்கிறது. பார்ப்பவருக்கு இலவசமான இந்தச் சேவையில் தனியார் நிறுவனங்கள் இடத்தை ஏலத்தில் எடுக்கின்றன. ஓர் இடம் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் போகும். போட்ட பணத்தை விளம்பரத்தில்தான் எடுக்க வேண்டும். இந்தி பேசும் மாநிலங்களில் இந்தத் தட்டு கோடிக்கணக்கான வீடுகளில் இருப்பதால் அங்கே கட்டுபடியாகிறது. தமிழ்நாட்டிலோ கேபிள் வேரூன்றிவிட்டது. 2006-க்குப் பின் அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. தட்டுக்கு இங்கே ஆள் குறைவு. ஆள் குறைவு என்பதால் தமிழ் நிறுவனங்கள் ஏலத்துக்கு வரத் தயங்குகின்றன. தமிழ் இல்லை என்பதால் தட்டுக்கு ஆள் சேர்வதில்லை. வீட்டில் கேபிள் இருப்பவருக்கு இது உறைக்காது. கேபிள் எட்டாத மலைக் குடியிருப்பு, தோட்டத்து வீடு, ஓடும் வண்டி ஆகியவற்றில் இருப்பவருக்குத்தான் உறைக்கும்.

பூட்டில்லாமல் வரும் தமிழ் அலைவரிசைகள் வானில் இல்லாமல் இல்லை. கேபிள்காரர்கள் பிடிக்கும் சி-பட்டையில் உண்டு. ஆனால் அதற்கு நாம் குடை ஆண்டெனா என்று சொல்லும் 6, 8 அடித் தட்டு வேண்டும். அதை வேன்மேல் ஏற்றினால் பனியன் மூட்டைக்கு இடமிருக்காது.

மகனுக்கு மட்டும் ஓர் ஆறுதல் கிடைத்தது. 2017-இல் 32 அலைவரிசைகளுடன் தொடங்கிய 'ஸ்வயம் பிரபா' கல்வி ஒளிபரப்பும் இதே ஜிசாட்-15-இல்தான் வருகிறது. எம்பெக்-4 முறையை வாசிக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்கினால் அதையும் தேடிப் பிடிக்கலாம். பழைய எம்பெக்-2 பெட்டி மலிவாகத் தருகிறார்கள் என்று மயங்காதீர்கள். வணிகவியல் பாடங்களும் வருகின்றன. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்த பையன், பாதி புரிகிறது என்கிறான்.

புதிய கோள் விட வேண்டும், இன்னும் 10 இடம் ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1975-இன் சைட் சோதனைக்குத் திரும்புங்கள். தமிழ்நாடு அந்த 6 மாநிலங்களில் இல்லை. ஆனால் அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு படத்துடன் இரண்டு ஒலித்தடங்கள் சேர்ந்தே வந்தன. ஒரே காட்சியை இரு மொழிக்காரர்கள் அவரவர் மொழியில் கேட்க அது வழிசெய்தது. கோழிவலை காலத்தில் முடிந்த காரியம்! இன்றைய எண்ணியல் ஒளிபரப்பில் ஒரு படத்துடன் பல ஒலித்தடங்களை அனுப்பலாம். படத்துக்கு ஆகும் இடத்தோடு ஒப்பிட்டால் ஒலிக்கு ஆகும் இடம் மிகச் சொற்பம். விலங்குகள் பற்றிய படம், வேளாண்மைச் செய்தி, வணிகவியல் பாடம் ஆகியவற்றுக்குத் தமிழ்க் குரல் ஒன்றைச் சேர்த்தால் போதும். குரல் கொடுப்பவருக்குச் செலவு உண்டு. ஆனால் தனி அலைவரிசை ஒன்றின் ஏலத் தொகைக்கு அது எந்த மூலை?

செயற்கைக்கோள் வாங்கி உள்ளேயே பொருத்திய தொலைக்காட்சிப் பெட்டிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் தர விதி (ஐ.எஸ். 18112) வெளியிட்டது. அத்தகைய பெட்டிகள் பரவினால் தனிப் பெட்டியின் செலவும் மிஞ்சும். கருவி இன்னும் மலிவாகிக்கொண்டே போகும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

போன மாதம் பெருந்துறைச் சாலையில் வேன் நின்றிருந்தபோது போய்ப் பார்த்தேன். தட்டு அருமையாக நின்றது, படம் கண்ணாடி போல இருந்தது. பருத்திச் சாகுபடி பற்றி ஏதோ ஓர் இந்தி நிகழ்ச்சி ஓடியது. நூல் விலையையே நம்பி வாழும் மனிதர் அதை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைவியக்கியை வாங்கி, அதில் 'ஆடியோ' என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரே ஒரு தடம் இருப்பதாகக் காட்டியது. "அதை நானும் எத்தனையோ தடவை அமுக்கிப் பார்த்துட்டனுங்க" என்றார் நண்பர்.