கறையில்லாதவளின் கழுவாய்

'சாம்பல் நிறக் கதாநாயகி' என்பதை இப்போது பின்னட்டையிலேயே அச்சிட்டு விற்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளைதான். நெற்றியில் மட்டும் கொஞ்சம் திருநீறு. 2024இல் சிறந்த குறுநாவலுக்கான ஹ்யூகோ விருது பெற்ற டி. கிங்ஃபிஷரின் 'தார்ன்ஹெட்ஜ்' நூலைப் புகழ்பவர்களும் இதையே சொல்கிறார்கள். தூங்கும் அழகி கதையை, சபித்தவளின் பக்கம் நின்று சொல்லி, அவளுக்கு மீட்சி தேடித் தருகிறதாம். எதிலிருந்து மீட்சி என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

கிங்ஃபிஷருக்கு எழுதத் தெரியும் என்பதில் ஐயமில்லை. நூறு பக்கச் சொச்சத்தில் முள்வேலி, பாழ்கோபுரம், தேரையாக உருமாறும் நாயகி டோட்லிங் எல்லாம் கண்முன் நிற்கின்றன. கோபுரத்தைத் தேடி வரும் ஹலீம் வாள் சுழற்றும் வீரனில்லை. கூச்சமும் கனிவும் உள்ள முஸ்லிம் இளைஞன். அவனும் டோட்லிங்கும் பேசிக்கொள்ளும் பக்கங்களை நானும் ரசித்துத்தான் படித்தேன்.

சிக்கல் டோட்லிங்கின் குற்றத்தில் இருக்கிறது. பிறந்தவுடனேயே திருடப்பட்டு, நீர்ப்பேய்களிடம் வளர்ந்தவள் அவள். அவள் கிடந்த தொட்டிலில் தேவதைகள் வைத்துவிட்டுப் போன பதிலிக் குழந்தைதான் இளவரசி ஃபயெட். அவளால் யாருக்கும் தீங்கு நேராதபடி வரம் கொடுக்க டோட்லிங்கை அனுப்புகிறார்கள். பதற்றத்தில் அவளுக்கு வாய் குழறிவிடுகிறது. ஃபயெட் வளர்ந்து உயிர்களை வதைக்கிறாள். வேறு வழியில்லாமல் அவளைத் தூங்க வைத்து, வேலி வளர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தனியே காவல் காக்கிறாள் டோட்லிங். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவள் கணக்கில் நிற்பது ஒரு வாய்த்தவறு. இதற்காக நூலெங்கும் மன்னிப்புக் கேட்டபடி இருக்கிறாள். 'நீ ஒரு தப்பும் செய்யவில்லையம்மா' என்று யாராவது சொன்னால் கதை முடிந்துவிடும். ஹலீம் வந்து சொல்கிறான்; முடிந்துவிடுகிறது. இதைத் தேறுதல் என்று சொல்லலாம், மீட்சி என்று சொல்ல முடியாது.

இதே தேவதைக் கதையை எடுத்த 'மேலிஃபிசென்ட்' (2014) திரைப்படத்தில் நாயகி வஞ்சத்தோடு, முழு நினைவோடு, ஒரு கைக்குழந்தையைச் சபிக்கிறாள். பிறகு அந்தச் சாபத்தைத் திரும்பப் பெற முயன்று தோற்கிறாள். குழந்தைகளுக்குப் படமெடுக்கும் டிஸ்னிக்கு இருந்த துணிச்சல்கூட விருது பெற்ற இந்தக் குறுநாவலுக்கு இல்லை.

இன்னும் பின்னே போனால் சி. எல். மூரின் கதைநாயகி ஜிரெல் இருக்கிறாள். 1934 அக்டோபரில், 'வியர்ட் டேல்ஸ்' என்ற மலிவு இதழில் வந்த கதை. கோட்டையைப் பறித்துத் தன்னை இழிவுபடுத்திய கியோமைக் கொல்வதற்கு ஆயுதம் தேடி நரகம் போன்ற ஒரு பாதாளத்தில் இறங்குகிறாள். ஒரு கறுப்புத் தெய்வத்தின் முத்தத்தை நஞ்சாகச் சுமந்து வந்து அவனைக் கொல்கிறாள். அவன் செத்து விழுந்த பிறகே அவனைக் காதலித்திருப்பது அவளுக்குப் புரிகிறது. (அந்தக் காதல் எனக்குச் சற்றும் ஒப்பாது. அது வேறு விவகாரம்.) அதே ஆண்டு டிசம்பரில் வந்த தொடர்ச்சியில், அவன் ஆன்மாவை விடுவிக்க அதே பாதாளத்துக்கு மறுபடியும் இறங்குகிறாள். செய்த கொலை இருக்கிறது, செத்தவன் குரல் கேட்கிறது, இறங்கவேண்டிய வழியும் இருக்கிறது. நீ நிரபராதி என்று யாரும் அவளைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட முடியாது.

கிங்ஃபிஷர் நாயகியை வெளுத்ததோடு நிறுத்தியிருந்தால் நான் இவ்வளவு சடைத்துக்கொண்டிருக்க மாட்டேன். அவளிடமிருந்து கழுவிய கறுப்பையெல்லாம் ஒரு குழந்தையின் மேல் கொட்டிவிட்டார். ஃபயெட் கொடியவளாகவே பிறந்தாளாம். திருந்த வழியே இல்லையாம். அவளும் கேட்காமலேயே தொட்டில் மாற்றப்பட்டவள்தான். டோட்லிங்குக்கு நேர்ந்ததன் மறுபாதி அவளுக்கும் நேர்ந்தது. ஒருத்திக்குப் பரிவு, மற்றவளுக்குத் தூக்கமும் சாவும். மனிதரைத் தின்னும் நீர்ப்பேய்கள் ஒரு மனிதக் குழந்தையைப் பாசத்தோடு வளர்க்கலாம், அது அழகு. மனிதர் வீட்டில் வளரும் பேய்க்குழந்தை மட்டும் தேறவே தேறாது. மெய்யான சாம்பல் நிறம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடந்தது. ஆசிரியர் அதைத் தாண்டிப் போய்விட்டார்.

பதிலிக் குழந்தை நம்பிக்கைக்கு ஐரோப்பாவில் ஒரு வரலாறு உண்டு. ஊனமுற்ற, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளை 'இது நம் குழந்தையல்ல, அவர்கள் மாற்றி வைத்தது' என்று வதைக்க அது கைகொடுத்தது. 1895இல் அயர்லாந்தின் டிப்பரரி பகுதியில் பிரிஜெட் கிளியரி என்ற இளம்பெண்ணைக் கணவனே எரித்துக் கொன்றான். அவள் தன் மனைவியல்ல, தேவதைகள் மாற்றி வைத்துவிட்டுப் போனவள் என்பதுதான் அவன் சொன்ன காரணம். 'தார்ன்ஹெட்ஜ்' கதையில் அந்தச் சந்தேகம் சரியாகவே அமைந்துவிடுகிறது. தொட்டிலில் கிடப்பது உண்மையிலேயே வேறொன்று; அது இல்லாமல் போனால்தான் எல்லோருக்கும் நல்லது. டோட்லிங் கழுவாய் தேடியிருக்க வேண்டியது இதற்குத்தான். அவளோ வாய் குழறியதற்காக அழுதுகொண்டிருக்கிறாள்.