தனித்து ஆடும் நகராக்க ஆட்டம்: ஒரு திறனாய்வு

ஆட்டத்தைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவது நம்மவர் வழக்கு. கவிதையையும் நாடகத்தையும் நாவலையும் திறனாய்வுக்கு உரியனவாகக் கொள்ளும் நாம், பலகையும் காயும் கொண்டு ஆடும் ஆட்டத்தை அவ்வரிசையில் வைத்து எண்ணுவதில்லை. ஆயினும், உலகைப் பற்றி மனிதன் கொண்டுள்ள எண்ணம் அவன் வகுக்கும் ஆட்ட விதிகளிலும் வெளிப்படவே செய்கின்றது. சதுரங்கத்தை ஆராய்வோர்க்குப் பண்டைப் படைவகுப்புப் புலனாவது போல, நகரைக் கட்டும் ஆட்டத்தை ஆராய்வோர்க்கு நகர் என்பது யாது என்ற எண்ணம் புலனாகும். அத்தகைய ஆட்டம் ஒன்றை ஒருவர் தனித்திருந்து ஆடுவதால் விளையும் பயன் யாது, அதன் குறை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். பதுளைக்கு அயலிலுள்ள ஹாலிஎலவில் இருந்துகொண்டு இதனை நோக்குகின்றோம். இடம் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானது அன்று என்பது பின்னர்த் தெளிவாகும்.

ஆட்டத்தின் அமைப்பு

வில்லைகளை ஒன்றோடொன்று பொருத்தி நிலப்பரப்பை உருவாக்கும் ஆட்டங்களுள் பெரும்புகழ் பெற்றது, 2000 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெளிவந்த ‘கார்க்கசோன்’. கிளவுஸ்-யூர்கன் விரேட என்பார் வகுத்த இவ்வாட்டம், தென்பிரான்சிலுள்ள மதில் சூழ்ந்த பழைய நகரொன்றின் பெயரைத் தாங்கியது. இதில் உள்ளவை 72 சதுர வில்லைகள். மதில் மதிலோடும், வழி வழியோடும், வயல் வயலோடும் பொருந்துமாறு அவற்றை வைத்தல் வேண்டும். ஆயின் இவ்வாட்டம் முதன்முதல் வகுக்கப்பட்டபோது இருவர் முதலாக ஐவர் வரை ஆடுதற்கே உரியதாயிருந்தது.

தனித்திருப்போனையும் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டது 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சபர்பியா’. இதனை ஆக்கியவர் டெட் அல்ஸ்பாக். இதன் வில்லைகள் அறுகோண வடிவின. குடியிருப்பு, வாணிகம், கைத்தொழில், பொதுநலம் என நால்வகைப்பட்டு நான்கு நிறம் பெற்றன. ஒரு குடியிருப்பு, ஒரு பூங்கா, ஓர் ஆலை என்னும் மூன்று வில்லைகளோடு ஒவ்வொருவர் ஊரும் தொடங்கும். பின்னர், சந்தையில் வரிசையாக இருக்கும் வில்லைகளை விலைகொடுத்து வாங்கி, ஊரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே செல்லல் வேண்டும். வருமானம், நற்பெயர் என இரு அளவைகள் உண்டு. வருமானம் முறைதோறும் பணத்தைக் கூட்டும். நற்பெயர் முறைதோறும் குடித்தொகையைக் கூட்டும். முடிவில் குடித்தொகை மிக்க ஊரே வெற்றி பெறும்.

இவ்வாட்டத்தின் சிறப்பு இரு விதிகளில் அடங்கியுள்ளது. முதலாவது அயன்மை பற்றியது. ஒரு வில்லையின் பயன் அதனிடத்தில் மாத்திரம் இல்லை. அதனை அடுத்து இருப்பது யாது என்பதையும் பொறுத்தது. ஆலையை அடுத்துக் குடியிருப்பை வைப்பின் நற்பெயர் குறையும். பூங்காவை அடுத்து வைப்பின் ஏறும். இரண்டாவது வளர்ச்சி பற்றியது. குடித்தொகை குறிக்கும் பலகையில் இடையிடையே செங்கோடுகள் இடப்பட்டுள்ளன. ஒரு கோட்டைத் தாண்டுந்தோறும் வருமானமும் நற்பெயரும் ஒவ்வொரு படி இறங்கும். ஊர் பெருத்தால் அதற்குரிய விலையையும் ஊரே கொடுக்கவேண்டும் என்னும் உண்மையை இத்துணைச் சுருக்கமாகக் கூறும் விதி பிறிதோர் ஆட்டத்தில் காண்டல் அரிது. விரைந்து வளர்ந்தோன் நடு ஆட்டத்திலே பணமின்றித் தவிப்பான். நிதானித்து வருமானத்தைப் பெருக்கியவன் பிந்தி முந்துவான்.

தனிமையின் இரு வகை

தனியாட்டத்துக்கு இந்நூதன நகரில் இரு வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒன்றில் ஆடுவோன் தன்னந்தனிக் கட்டடக் கலைஞனாக நின்று தன் ஊரை மாத்திரம் வளர்க்கின்றான். மற்றதில், விதிகளால் மட்டுமே இயங்கும் ‘டேல்’ என்னும் பொம்மை எதிரியோடு போட்டியிடுகின்றான். பலர் கூடி ஆடும்போது, விரும்பிய வில்லையைப் பிறர் கொண்டுபோனார் என்று குறைகூற இடமுண்டு. தனியாட்டத்தில் அச்சாட்டு இல்லை. பிழை நேரின் அது பெரும்பாலும் தன் பிழையே. வருமானத்தை மறந்து குடியேற்றத்தில் விரைந்தது தானே; ஆலையின் பக்கத்தில் வீட்டை வைத்ததும் தானே. தன் தீர்ப்பைத் தானே சோதித்தறியும் பயிற்சி என்ற அளவில் இத்தனியாட்டம் மாணவர்க்கு மிகவும் உகந்தது எனலாம்.

தனித்து ஆடுதல் மேனாட்டார் நமக்குத் தந்த புதுமை அன்று. பல்லாங்குழி வகைகளுள் ‘சீதைப் பாண்டி’ என்பது ஒருவரே ஆடுவது. அசோகவனத்தில் சிறையிருந்த சீதை ஆடியது என்று வழிவழியாகச் சொல்லப்படுவது. இராவணன் பெயரால் வழங்கும் நீர்வீழ்ச்சி ஹாலிஎலவுக்கு அயலிலுள்ள எல்லவில் இருத்தலின், இவ்வாட்டக் கதை இப்பக்கத்தார்க்கு அந்நியமானது அன்று. இதன் ஒரு முறையை நோக்குவாம். ஏழு குழிகளில் 7, 6, 5, 4, 3, 2, 1 என 28 காய்களை இடுக. ஏழு காய் உள்ள குழியில் இருந்து அனைத்தையும் எடுத்து, அக்குழி முதலாகக் குழிக்கு ஒன்றாக இடுக. இப்போது முதற்குழியில் 1, அடுத்ததில் 7, பின் 6, 5, 4, 3, 2. வரிசை குலையவில்லை, ஓரிடம் நகர்ந்துள்ளது, அவ்வளவே. ஏழு முறை இவ்வாறு செய்யின் தொடங்கிய நிலையே திரும்ப வரும்.

இவ்விரு தனியாட்டங்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர்க்கு ஒரு பெரும் வேறுபாடு விளங்கும். சீதைப் பாண்டியில் தெரிவு இல்லை, வெற்றி இல்லை, முடிவும் இல்லை. கை இயங்குகின்றது, நிலை மாறுவதில்லை. சிறையிருப்போர்க்குரிய ஆட்டம் அது. சபர்பியாவிலோ ஒவ்வொரு முறையும் தெரிவு உண்டு. எதை எங்கே வைப்பது என்பதை ஆடுவோனே தீர்மானிக்கின்றான். அவன் வைத்ததை மறுப்பார் எவருமிலர். முன்னையது அதிகாரம் யாதும் இல்லாதவரின் தனிமை. பின்னையது அதிகாரம் முழுவதும் கைக்கொண்டவரின் தனிமை.

நாளங்காடி

நகரின் பகுதிகள் ஒன்றையொன்று எவ்வாறு அடுத்திருத்தல் வேண்டும் என்பது நம் முன்னோரும் ஆராய்ந்த பொருள். மயமதம் நிலத்தைக் கட்டங்களாகப் பகுக்கும் முறைகளைக் கூறுகின்றது. 64 கட்டங்கள் கொண்டது மண்டூகம், 81 கொண்டது பரமசாயிகம். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகர் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக அமைந்தது. முன்னதில் கைவினைஞரும் வணிகரும் பிறநாட்டாரும். பின்னதில் அரசனும் உயர்குடியினரும். இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்தது நாளங்காடி. இரு பாக்கத்தாரும் கூடும் இடம் ஒன்று நடுவே இருந்தமையால் அஃது ஒரே நகராயிற்று. அயன்மை என்பது கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் உள்ள தொடர்பு மாத்திரம் அன்று. மனிதர்க்கும் மனிதர்க்கும் உள்ள தொடர்பு என்பதை இளங்கோவடிகளின் நகர் உணர்த்துகின்றது. சபர்பியாவின் அயன்மை விதி கூர்மையானதே. ஆயினும் அது புள்ளிகளாகக் கணக்கிடப்படுவது. நடுவே கூடுவோரின் குரல் அதில் இல்லை.

தோட்டம் என்னும் நகர்

இக்குறை பிறவிடங்களில் சிறிதாகத் தோன்றலாம். ஹாலிஎலவில் அவ்வாறு தோன்றாது. பதுளை செல்லும் புகையிரதப் பாதை 1924 ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அப்பாதையில் இறுதி நிலையத்துக்கு முன்னுள்ள நிலையம் ஹாலிஎல. அங்கிருந்து மலைச்சரிவை நோக்குவோர்க்குத் தோட்டத்தின் அமைப்பு ஒரு பலகை போலவே காட்சியளிக்கும். மேட்டில் துரை பங்களா, பாதையோரத்தில் தேயிலைத் தொழிற்சாலை, அதனை அடுத்துப் பிரட்டுக்களம், சரிவிலே லயங்கள், ஒரு பீலி, ஒரு பிள்ளைக்காம்பிரா, ஒரு மாரியம்மன் கோயில். ஒவ்வொன்றும் காரணத்தோடு வைக்கப்பட்டது. பிரட்டுக்கு நேரத்தோடு வரக்கூடிய தூரத்தில் லயம். கொழுந்து விளையாத நிலத்தில் வீடு. வருமானம் என்னும் ஒரே அளவையால் நோக்கின் அது குறைகாண இயலாத ஆட்டம். ஆனால் அதனை ஆடியவர் ஒருவர். அதில் வாழ்ந்தவர் வேறொருவர்.

10 அடிக்கு 12 அடி என்பது லயத்து அறைக்குப் பரவலாக வழங்கிய அளவு. அஃதாவது 120 சதுர அடியில் ஒரு குடும்பம். சபர்பியாவில் ஆலையை அடுத்த குடியிருப்பு நற்பெயரைக் குறைக்கும். தோட்டத்தை வகுத்தோர்க்கு அத்தகைய தண்டம் எவ்விதியாலும் விதிக்கப்படவில்லை. தண்டம் விழுந்தது குடியிருந்தோர் மீதே. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையில், மீரியபெத்தை லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005 ஆம் ஆண்டிலேயே விடுக்கப்பட்டிருந்தது. சரிவு எத்தகையது என்பது பலகை ஆட்டத்தில் இல்லை. அதில் நிலம் எங்கும் சமமானது. மலைநாட்டில் வில்லை வைப்போர் முதலில் கேட்கவேண்டிய கேள்வியோ நிலத்தைப் பற்றியதே.

முடிபு

இவ்வாறு கூறுவதால் ஆட்டத்தைத் தள்ளுதல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. மறுதலையாக, லயத்தில் பிறந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதனை ஆடுதல் நன்று என்போம். வீடு எங்கே அமையவேண்டும் என்று தலைமுறை பலவாகக் கேட்கப்படாதவர்கள் அவர்கள். ஒரு மழைநாள் மாலையில் தனித்திருந்து, ‘ஆலை இங்கே, பள்ளி அங்கே, வீடு அதனருகே’ என்று தம் கையால் வைத்துப் பார்ப்பது அவர்க்கு வெறும் விளையாட்டு ஆகாது. 2015 ஆம் ஆண்டின் பின்னர்த் தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு அமைக்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. அக்காணி எச்சரிவில் அமைகின்றது, தண்ணீர் எங்கிருந்து வருகின்றது, பள்ளிக்கு வழி யாது என்று கேட்கும் அறிவு அவர்க்கு வேண்டும். அயன்மை விதியில் பழகிய மனம் அக்கேள்விகளைக் கேட்கத் தயங்காது.

ஆயின் ஆடுவோர்க்கு ஒன்று கூறுவோம். புள்ளிகளைக் கூட்டி முடிந்தபின் பலகையை உடனே கலைத்துவிடவேண்டா. நீவிர் கட்டிய ஊரில் ஆலைக்கு மிக அணித்தான குடியிருப்பைத் தேடுக. அவ்வீட்டில் இருப்பவராக உம்மை எண்ணி, ஊரை மறுபடி நோக்குக. பூங்கா எத்துணைத் தொலைவில் இருக்கின்றது? அங்காடி எங்கே? குழந்தை எவ்வழியாகப் பள்ளிக்குச் செல்லும்? இக்கேள்விகளுக்கு விதிநூலில் புள்ளி இல்லை. ஆயினும் இவற்றுக்கு விடை சொல்ல இயலாத ஊர், எத்துணைக் குடித்தொகை பெற்றதாயினும், வென்ற ஊர் ஆகாது. தனித்து ஆடுவோன் தானே இரண்டாம் ஆளாகவும் அமர்ந்து, தான் கட்டிய ஊரின் குடியாக ஒரு முறையேனும் பேசுவானாயின், இவ்வாட்டத்தின் குறையும் நீங்கும், பயனும் பெருகும்.