கரும்பலகையில் பத்துத் திறன்கள்

வளரிளம் பருவத்தினருக்குப் பள்ளியில் நாம் தரும் நலக்கல்வியில் மிக நல்ல பகுதி எது என்று கேட்டால், ‘வாழ்க்கைத் திறன்’ வகுப்பு என்றே சொல்வேன். எனக்கு மிகுந்த ஏமாற்றம் தருவதும் அதே வகுப்புதான்.

1990களில் உலக சுகாதார நிறுவனம் பத்துத் திறன்களை வரிசைப்படுத்தியது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், மன அழுத்தத்தைக் கையாளுதல் ஆகியவற்றோடு முடிவெடுத்தலும் அதில் இடம்பெற்றது. அதுவரை நலக்கல்வி பெரும்பாலும் கட்டளைகளாகவே இருந்தது. புகைக்காதே, குடிக்காதே, கை கழுவு. அந்த இடத்தில் பிள்ளையை யோசிக்கச் சொன்னது இந்தப் பட்டியல்.

வெறும் கட்டளை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய சான்று உண்டு. 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ‘டேர்’ திட்டத்தில் சீருடை அணிந்த காவலர்கள் வகுப்பறைக்கு வந்து, போதைப்பொருளின் தீமைகளை எடுத்துச் சொல்லி, ‘வேண்டாம்’ என்று மறுக்கப் பழக்கினார்கள். பெற்றோர் வரவேற்றார்கள், அரசு பணம் தந்தது, நாட்டின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்கு அது பரவியது. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆறாம் வகுப்பில் அந்தப் பாடத்தைக் கற்றவர்களைப் பத்தாண்டுகள் கழித்துத் தேடிச் சென்று பார்த்தது. கற்றவர்களுக்கும் கல்லாதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் வேறுபாடு காணப்படவில்லை. இத்தனைக்கும் அந்தக் காவலர்களின் அக்கறை உண்மையானது.

இந்தியாவில் 2005இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் வந்தது. 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அதற்குத் தடை போட்டன. உடலைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். பிறகு பாடம் திருத்தப்பட்டது. 2014இல் ராஷ்ட்ரிய கிஷோர் சுவாஸ்திய காரியக்ரம் என்ற தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் 10 முதல் 19 வயது வரையிலானவர்களுக்காகத் தொடங்கியது. 2020இல் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாக்கும் திட்டமும் வந்தது. ஏட்டளவில் குறை சொல்ல அதிகமில்லை.

ஆனால் அந்த வகுப்பை யார் நடத்துகிறார்கள்? பாடநூலை விட இந்தக் கேள்வி பெரியது என்று நினைக்கிறேன். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்து, 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. எல்லாப் பள்ளிகளிலும் அரசின் வாழ்க்கைத் திறன் வகுப்பு இருந்தது. ஒரு பகுதிப் பள்ளிகளில் அதோடு கூடுதல் பணிகளை ஓர் ஆசிரியர் ஏற்றார். இன்னொரு பகுதியில் அதே பணிகளை ஆலோசகர் ஒருவர் செய்தார். அவர் உளவியல் படித்த நிபுணரல்லர், அந்தப் பணிக்கென்று பயிற்சி பெற்ற சாதாரண ஆள். சுவரிதழ், மனத்தில் உள்ளதை எழுதிப் போட ஒரு பெட்டி, மாணவர் குழுக்கள், தேடி வருபவரோடு தனியே பேசுதல் ஆகியவையே அவருடைய வேலை. ஒரு கல்வியாண்டின் முடிவில் ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழல் நன்றாக மாறியிருந்தது. மனச்சோர்வு அறிகுறிகளும், சக மாணவரைத் துன்புறுத்துவதும் குறைந்திருந்தன. ஆசிரியர் செய்த பள்ளிகளிலோ, வெறும் வகுப்பு மட்டும் நடந்த பள்ளிகளிலிருந்து வேறுபாடு தெரியவில்லை.

ஒரு மாவட்டத்தின் முடிவை எல்லா ஊருக்கும் அப்படியே நீட்டிவிட முடியாது. ஆசிரியர்களைக் குறை சொல்லவும் இதை எடுக்கவில்லை. ஆனால் காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. காலையில் மதிப்பெண் போட்டு, மதியம் பெற்றோரை அழைத்துவரச் சொல்லும் ஒருவரிடம், மாலையில் ஒரு பையன் ‘சார், நான் சிகரெட் பிடித்துப் பார்த்தேன்’ என்று சொல்வானா? தேர்வு நெருங்கினால் அந்தப் பிரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வதும் நாம் அறிந்ததுதான்.

பாடத்துக்கு உள்ளேயும் ஒரு குறை இருக்கிறது. சிக்கலைக் கண்டுகொள், வழிகளைப் பட்டியலிடு, விளைவை எடைபோடு, தேர்ந்தெடு என்று முடிவெடுத்தலைப் படிகளாகச் சொல்லித் தருகிறோம். தனியே அமைதியாக உட்கார்ந்தால் பதினைந்து வயதுப் பிள்ளையும் இதை நன்றாகவே செய்யும். 2005இல் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வில், கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டைத் தனியே ஆடியபோது இளையோருக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது வளரிளம் பருவத்தினர் மிக அதிகமாகத் துணிந்தார்கள். ஒரே பைக்கில் மூன்று பேர் ஹெல்மெட் இல்லாமல் கிளம்பும் நொடியில் நான்கு படிகளுக்கு நேரமில்லை. அந்த நொடியில் என்ன சொல்லி இறங்குவது என்பதை நடித்துப் பார்த்து, வாய்க்குப் பழக்க வேண்டும். பாடத்தில் மிகவும் பயன்படக்கூடிய அந்தப் பயிற்சியைத்தான் நேரமில்லை என்று முதலில் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளையின் கையில் இல்லாத முடிவுகளுக்கும் பிள்ளையையே பொறுப்பாக்குகிறோம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ‘சத்தான உணவைத் தேர்ந்தெடு’ என்று அவர்களிடம் சொல்கிறோம். வீட்டில் என்ன சமைக்கப்படும், யார் கடைசியாகச் சாப்பிடுவார் என்பதை அந்தப் பெண்ணா முடிவு செய்கிறாள்? கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003இன் சட்டம். பள்ளி வளாகத்திலும் 50 மீட்டர் சுற்றளவிலும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் கூடாது என்பது 2020இன் விதி. இவற்றைக் காப்பது பெரியவர்களின் வேலை. வாசலில் பொட்டலங்கள் தொங்கும்போது உள்ளே மன உறுதி பற்றிப் பாடம் எடுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

இந்த வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குத் துணையாக, மதிப்பெண் போடாத ஓர் ஆள் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் வேண்டும். எதைத் தன்னோடு வைத்துக்கொள்வார், எதைச் சட்டப்படி வெளியே சொல்லியாக வேண்டும் என்பதை அவர் முதல் நாளே பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘என் பிள்ளை என்னிடம் சொல்ல முடியாததை இந்தப் பள்ளியில் யாரிடம் சொல்லலாம்?’ ஒரு பெயர் பதிலாக வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.