கருணையும் கைத்தொழிலும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில், உப்பனாற்றை ஒட்டி அமைந்துள்ளது சிப்காட் தொழிற்பேட்டை. 1980களில் இங்கு இரசாயன ஆலைகள் எழுந்தன. அதே பத்தாண்டில்தான், 1983ஆம் ஆண்டு, கடலுக்கு அப்பால் இலங்கையில் போர் மூண்டது. 2009 வரை நீடித்த அப்போர் ஆயிரக்கணக்கானோரின் கால்களையும் கண்களையும் பறித்தது. இத்தொழிற்பேட்டையின் வாயிலில் நின்று, அப்போரைப் பற்றித் தமிழில் நாம் எழுதியவற்றையும் பேசியவற்றையும் எண்ணிப் பார்க்கையில், ஒரு குறை நம் நெஞ்சை உறுத்துகிறது.

போரில் உறுப்பிழந்தவரைக் காட்டும் கதைகளுக்கும் கட்டுரைகளுக்கும் நம்மிடையே இரண்டே அச்சுகள் உள்ளன. ஒன்று தியாகம், மற்றொன்று பரிதாபம். முதலாவதில் அவர் சிலையாகிறார். இரண்டாவதில் ஏந்திய கையாகிறார். இரண்டிலும், கால் போன இடத்தோடு கதை முடிந்துவிடுகிறது. மறுநாள் அவர் கிணற்றடிக்கு எவ்வாறு சென்றார் என்று கேட்பார் இல்லை.

கண்ணீர் வரவழைப்பதும் இலக்கியத்தின் பணியன்றோ எனச் சிலர் வினவலாம். ஆம், நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் கண்ணீரோடு கடமை தீர்ந்தது என்னும் மனநிறைவை வாசகனுக்கு அளிக்கும் எழுத்து, துன்புற்றவனுக்கு அன்று, வாசகனுக்கே ஆறுதல் கூறுகிறது.

கதை முடியும் அவ்விடத்தில்தான் தொண்டு தொடங்குகிறது. 1968இல் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும், அதிகம் பள்ளிக்கல்வி பெறாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் இணைந்து ஒரு செயற்கைக் காலை உருவாக்கினர். மேனாட்டுக் கால்கள் காலணிக்குள் நுழைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. நம் மக்களோ வெறுங்காலுடன் வரப்பில் நடப்பவர்கள். குந்தியும் சம்மணமிட்டும் அமர்பவர்கள். தொழுகை விரிப்பில் மடங்கி உட்காருபவர்கள். இவ்வாழ்க்கையை உற்றுநோக்கிய பின்னரே இரப்பரையும் மரத்தையும் கொண்டு அக்கால் வடிவம் பெற்றது. 1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது.

அத்தொழில்நுட்பமே போரின் நடுவே ஈழத்தையும் எட்டியது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987ஆம் ஆண்டு தோன்றியது. கால் பொருத்துவதோடு நில்லாது, சுயதொழில் கடனும் வழங்கிற்று அந்நிலையம். செயற்கைக் கால் ஒருமுறை ஈந்து மறந்துவிடும் பொருளன்று. வளரும் பிள்ளைக்கு அது விரைவில் குறுகிப்போகும், பெரியவர்க்கும் தேய்ந்துபோகும், பொருத்தம் தவறினால் எஞ்சிய தசையில் புண் உண்டாகும். ஆகவே அளவெடுத்தலும் திருத்துதலும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டிய பணிகள். இப்பொறுமையைப் பாடிய புலவர் நம்மிடையே எத்தனை பேர்?

நம் மார்க்க வரலாறோ வேறொரு பாடம் புகட்டுகிறது. பார்வையற்றோரும் முடவரும் நோயாளியும் போருக்குச் செல்லாதிருப்பது குற்றமன்று எனத் திருமறை சலுகை அளித்தது. அதனால் அவர்கள் மூலையில் அமர்த்தப்படவில்லை. பார்வையற்ற ஸஹாபி இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பாங்கு சொல்லும் பணியில் இருந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் போர்ப் பயணம் புறப்பட்ட வேளைகளில், பலமுறை அவர்களையே மதீனாவில் தம் பிரதிநிதியாக விட்டுச் சென்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். போர்க்காலத்தில் மாற்றுத்திறனாளிக்கு அங்குக் கிடைத்தது இரக்கமன்று, பொறுப்பு!

இதனை மேடைகளில் முழங்கும் நாம் செய்வதென்ன? சக்கர நாற்காலி வழங்கிப் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த நாற்காலி ஏற இயலாத படிகளைப் பள்ளிவாசல் வாயிலில் கட்டுகிறோம். ஹவுளின் விளிம்பில் அமர்ந்து ஒளுச் செய்ய முடியாதவர்க்கு உயரமான ஒரு குழாய் வைக்கவும் மறக்கிறோம். ஜகாத்தை ரமலானில் சில நோட்டுகளாகப் பிரித்தளிக்கிறோமேயன்றி, ஒரு தையல் இயந்திரமாக, ஒரு கடையாக மாற்ற எண்ணுவதில்லை. இப்பழியிலிருந்து நாமும் விலக்கல்லர்.

மீண்டும் சிப்காட் வாயிலுக்கே வருவோம். கண்ணிவெடியில் காலிழந்தவனுக்கும் இயந்திரத்தில் கையிழந்தவனுக்கும் காயம் ஆறிய பின் எழும் வினா ஒன்றே: நாளை எனக்கு வேலை உண்டா? இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. தனியார் நிறுவனங்களோ 5 விழுக்காடு அளவில் அவர்களைப் பணியமர்த்த ஊக்கமளிக்கப்பட வேண்டும் என்றே கூறிற்று. கட்டாயத்துக்கும் ஊக்கத்துக்கும் இடையிலுள்ள அகலத்தை வேலை தேடி அலைபவனே அறிவான்.

எனவே எழுத்தாளர்க்கு நாம் வைக்கும் உரைகல் எளியது. உறுப்பிழந்தவர் உங்கள் கதையில் அழுவதோடு நிற்கிறாரா, அன்றிக் கூலி வாங்கி வீடு திரும்புகிறாரா? வாசகர்க்கும் ஒன்று கூறுவோம். அடுத்த ஜும்ஆவுக்குச் செல்கையில் நம் பள்ளியின் படிகளை எண்ணிப் பாருங்கள். அவற்றின் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்ட எத்தனை மூட்டை சிமெண்ட் வேண்டும் என்று முத்தவல்லியிடம் கேளுங்கள்.