கைபட்டால்தான் கணக்கு: மெய்நிகர் நினைவகத்தை ரசிப்பது எப்படி?

லினக்ஸ் ஓடும் கணினி ஒன்றின் முன் உட்காருங்கள். குரோம் பிரவுசரில் நாலைந்து தளங்களைத் திறந்து வைத்துவிட்டு, டெர்மினலில் 'டாப்' கட்டளையை ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியல் வரும். அதில் 'விர்ட்', 'ரெஸ்' என்று அருகருகே இரண்டு பத்திகள் இருக்கும். குரோமின் வரிகளைப் பாருங்கள். 'ரெஸ்' சில நூறு எம்பி என்று அடக்கமாக நிற்கும். 'விர்ட்' பல பத்து ஜிபி காட்டும். சில வரிகளில் ஆயிரம் ஜிபியையும் தாண்டும். உங்கள் லேப்டாப்பில் உள்ள ராமோ மொத்தமே 8 ஜிபி.

முதல்முறை இதைப் பார்த்தபோது நிரலில் எங்கோ நினைவகம் ஒழுகுகிறது என்று எண்ணி, ஒரு பிற்பகல் முழுக்க ஓட்டையைத் தேடினேன். ஓட்டை எதுவும் இல்லை. இரண்டு எண்களுமே சரிதான். 'விர்ட்', இயங்குதளத்தின் மையமான கெர்னல் நிரலுக்குக் கொடுத்திருக்கும் வாக்கு. 'ரெஸ்', இதுவரை கையில் கொடுத்திருக்கும் சரக்கு. வாக்குக்கும் சரக்குக்கும் நடுவே இத்தனை இடைவெளி வைத்துக்கொண்டு, ஒருவருக்கும் சந்தேகம் வராமல் காலம் தள்ளுகிறதே, மெய்நிகர் நினைவகம் என்ற அந்த ஏற்பாடுதான் இங்கே ரசிக்க வேண்டியது.

முகவரியைப் பிரித்துப் படியுங்கள்

நிரலுக்குத் தெரியும் நினைவக முகவரி எதுவும் ராம் சிப்பின் முகவரி அல்ல. ஒவ்வொரு நிரலுக்கும் தனக்கென ஒரு முகவரி வெளி உண்டு. இரண்டு நிரல்கள் ஒரே எண்ணைச் சொன்னாலும் ராமில் அவை போய்ச் சேரும் இடம் வேறாக இருக்கலாம். எந்த எண்ணுக்கு எந்த இடம் என்று எழுதி வைத்திருக்கும் பேரேடுதான் பக்க அட்டவணை. ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரி எழுதினால் பேரேடு ராமையே விழுங்கிவிடும். ஆகவே 4096 பைட்களை ஒரு 'பக்கம்' என்று கட்டி, பக்கத்துக்கு ஒரு வரி எழுதுகிறார்கள்.

இன்டெல், ஏஎம்டி 64 பிட் செயலிச் சிப்களில் வழக்கமாக முகவரியின் 48 பிட்கள் பயன்படுகின்றன. அதை இப்படிப் பிரிக்கிறது சிப்: 9, 9, 9, 9, கடைசியில் 12. முதல் ஒன்பது பிட்கள் மேல்மட்ட அட்டவணையில் எந்த வரி என்று சொல்லும். அந்த வரி அடுத்த அட்டவணை இருக்கும் இடத்தைக் காட்டும். இப்படி நான்கு மட்டங்கள் இறங்கினால் பக்கம் கிடைக்கும். கடைசி 12 பிட்கள், அந்தப் பக்கத்துக்குள் எத்தனையாவது பைட் என்பதற்கு.

இந்த இடத்தில் காகிதம் எடுத்து ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். ஒன்பது பிட்களால் 512 வரிகளைச் சுட்டலாம். ஒரு வரி 8 பைட். ஐந்நூற்றுப் பன்னிரண்டை எட்டால் பெருக்கினால் 4096. அட்டவணையின் அளவும் சரியாக ஒரு பக்கம்! பக்கங்களுக்குக் கணக்கு வைக்கும் ஏட்டையும் ஒரு பக்கத்திலேயே வைத்துவிடலாம். அதற்கென்று வேறு அளவில் இடம் தேட வேண்டியதில்லை. ஏன் பத்து அல்ல, ஏன் எட்டு அல்ல என்ற கேள்விக்கு இந்தப் பெருக்கலே விடை.

எதற்கு நான்கு மட்டம்? ஒரே நீளப் பட்டியலாக எழுதினால் 48 பிட்டுக்கு ஏறக்குறைய 6,872 கோடி வரிகள் வேண்டும். அதற்கு 512 ஜிபி. ஒரு நிரலின் பேரேட்டுக்கு மட்டும்! நான்கு மட்டமாகப் பிரித்தால், மேல்மட்டத்தில் ஒரு வரியைக் காலியாக விட்டாலே அதன் கீழ் வரும் 512 ஜிபி முகவரிக்கும் எதுவும் எழுத வேண்டாம் என்றாகிவிடுகிறது. ஒரே ஒரு பக்கத்தைத் தொடும் நிரலுக்கு நான்கு அட்டவணைகள், அதாவது 16 கேபி போதும். எழுதாமல் விட்ட இடம்தான் இந்தப் பேரேட்டின் பெரும்பகுதி.

ஒவ்வொரு முறையும் நான்கு அட்டவணைகளைப் புரட்டினால் கணினி ஆமையாகிவிடுமே என்று தோன்றும். சிப்புக்குள் 'டிஎல்பி' என்றொரு சிறு குறிப்பேடு இருக்கிறது. அண்மையில் கண்டுபிடித்த விடைகளை அதில் குறித்து வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான முகவரிகளுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பேஜ் ஃபால்ட்: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ஒரு பிட், "இந்தப் பக்கம் ராமில் இருக்கிறதா?" என்று சொல்கிறது. நிரல் ஒரு முகவரியைத் தொடுகிறது; அந்த பிட் சுழியாக இருக்கிறது. உடனே சிப் நிரலை நிறுத்தி, கெர்னலைக் கூப்பிடுகிறது. இதற்குத்தான் பேஜ் ஃபால்ட் என்று பெயர். ஃபால்ட் என்றதும் பிழை என்று எண்ணத் தோன்றும். ஆனால் உங்கள் கணினியில் இது நாள் முழுக்க நடக்கும் அன்றாடக் காரியம்.

கெர்னல் முதலில், இந்த முகவரியைத் தருவதாக முன்பு வாக்குக் கொடுத்தோமா என்று தன் இன்னொரு பட்டியலில் பார்க்கிறது. இல்லையென்றால் நிரலுக்கு ஆயுள் முடிந்தது. 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற வாசகம் திரையில் வரும். கொடுத்திருந்தால், பொதுவாக ஒரு காலிப் பக்கத்தை எடுத்துச் சுழிகளால் நிரப்பி, அட்டவணையில் வரி எழுதி, நிறுத்திய அதே கட்டளையை மறுபடி ஓட விடுகிறது. நடுவில் நிறுத்தப்பட்டது நிரலுக்குத் தெரியவே தெரியாது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். சி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதுங்கள். முதல் கட்டம்: 'மாலாக்' கொண்டு 1 ஜிபி கேளுங்கள். இரண்டாம் கட்டம்: பக்கத்துக்கு ஒரு பைட் வீதம் படியுங்கள். மூன்றாம் கட்டம்: பக்கத்துக்கு ஒரு பைட் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் விசை அழுத்தும்வரை நிரலைக் காத்திருக்க வையுங்கள். கம்பைலர் அதிகப் புத்திசாலித்தனம் காட்டி வேலையை வெட்டிவிடாதபடி, ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள். அருகில் 'டாப்' ஓடட்டும்.

கேட்டவுடன் 'விர்ட்' ஒரு ஜிபி ஏறும், 'ரெஸ்' அசையாது. படித்த பிறகும் 'ரெஸ்' கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இது பலரும் எதிர்பாராதது. எழுதாத பக்கத்தைப் படித்தால் விடை எப்படியும் சுழிதான். ஆகவே சுழிகள் நிரம்பிய ஒரே பொதுப் பக்கத்தை எல்லா வரிகளிலும் காட்டிவிட்டுக் கெர்னல் தப்பித்துக்கொள்கிறது. எழுதத் தொடங்கினால்தான் 'ரெஸ்' ஏறி ஒரு ஜிபியைத் தொடும்.

படிக்கும் கட்டத்தை நீக்கிவிட்டு இன்னொரு முறை ஓட்டி, ஃபால்ட்களை எண்ணிப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்று என்றால் 2,62,144 வர வேண்டும். சில நூறுகள் மட்டுமே வந்தால் திகைக்க வேண்டாம். உங்கள் கெர்னல் 2 எம்பி அளவுள்ள பெரிய பக்கங்களைக் கொடுத்து வேலையைச் சுருக்கிவிட்டது.

நகல் எடுக்காத நகல்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் புதிய நிரல் பிறக்கப் பழைய வழி 'ஃபோர்க்'. ஓடும் நிரல் தன்னையே இரண்டாக்கிக்கொள்ளும். தாய் நிரல் 2 ஜிபி வைத்திருந்தால் அதை முழுக்க நகலெடுக்க வேண்டாமா? கெர்னல் அட்டவணையை மட்டும் நகலெடுக்கிறது. தாயும் சேயும் ஒரே பக்கங்களைப் பார்க்கின்றன; இருவருக்கும் எழுதும் உரிமையை எடுத்துவிடுகிறது. யாராவது எழுத முயன்றால் ஃபால்ட் வரும்; அப்போது அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நகல். பிறந்த சேய் பெரும்பாலும் உடனே வேறு நிரலாக மாறிவிடும். ஒத்திப்போட்ட வேலையில் பெரும்பகுதி கடைசிவரை செய்யாமலே முடிந்துபோகிறது.

இடம் தீர்ந்தால்?

ராமில் இடம் தீர்ந்தால் சில பக்கங்களை வெளியேற்ற வேண்டும். 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னின் குழு கட்டிய அட்லஸ் கணினியில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. அதன் வேகமான நினைவகம் 16,384 சொற்கள். மெதுவான காந்த உருளையில் அதைப்போல் ஆறு மடங்கு. இரண்டும் ஒன்றே என்று நிரலர் நம்பும்படி, 512 சொற்கள் கொண்ட பக்கங்களை அங்குமிங்கும் மாற்றிக்கொண்டிருந்தது அட்லஸ். எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்பதை, ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நேரம் தொடப்படாமல் கிடக்கிறது என்று கவனித்துத் தீர்மானித்தது.

இன்றைய கெர்னலும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. ஒரு பக்கத்தைத் தொட்டால் சிப் அதன் வரியில் ஒரு பிட்டைக் குறிக்கும், எழுதினால் இன்னொன்றை. கெர்னல் அவ்வப்போது வந்து முதல் குறியை அழித்துவிட்டுப் போகும். அடுத்த முறை வரும்போதும் குறி விழாமல் இருந்தால் அந்தப் பக்கம் தூங்குகிறது என்று பொருள், வெளியேற்றலாம். ஏதாவது எழுதியிருந்தால் முதலில் வட்டில் சேமிக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. 'ராமில் இல்லை' என்ற பிட் விழுந்த வரியில், மீதி 63 பிட்களைச் சிப் ஏறெடுத்தும் பார்க்காது. அந்தக் காலியிடத்தில், பக்கம் வட்டில் எங்கே கிடக்கிறது என்பதைக் கெர்னல் குறித்து வைத்துக்கொள்கிறது. தொலைந்த பொருளின் இடத்திலேயே அது போன இடத்தின் விலாசம்!

இந்தச் சாமர்த்தியத்துக்கு எல்லை உண்டு. நிரல்கள் ஒரே சமயத்தில் தொட விரும்பும் பக்கங்கள் ராமைவிட அதிகமானால், கொண்டுவருவதும் வெளியேற்றுவதுமே வேலையாகிவிடும். 'த்ராஷிங்' என்ற இந்த நோயை 1968இல் பீட்டர் டென்னிங் ஆராய்ந்தார். ஒரு நிரல் அண்மையில் தொட்ட பக்கங்களின் தொகுதிக்கு இடமிருந்தால் மட்டும் அதை ஓட விடு என்பது அவர் சொன்ன மருந்து. இன்னொரு அபாயம், வாக்குப் பெற்ற எல்லாரும் ஒன்றாக வசூலுக்கு வருவது. ராமும் இல்லை, வட்டிலும் இடமில்லை என்றால் லினக்ஸ் கெர்னல் ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்று, அதன் இடத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கிறது. தவறு செய்யாத நிரலும் பலியாகலாம். ரசிகராக இருந்தாலும், இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கையிலிருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுப்பவர் என்றாவது ஒருநாள் செலுத்தும் விலை அது.

படித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த 1 ஜிபி நிரல் இருபது வரிகூட வராது. இன்றே எழுதி ஓட்டிப் பாருங்கள். படிக்கும்போது அசையாத 'ரெஸ்' எழுதும்போது ஏறுவதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால், பிறகு 'டாப்' காட்டும் எந்த எண்ணையும் பழைய கண்ணோடு பார்க்க மாட்டீர்கள்.