ஏரியும் அரியணையும்

பழமையைக் காப்போம் என்று முழங்குவோரிடம் பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எந்தப் பழமையை? எவருக்காக?

இக்கேள்விகளோடு எட்மண்ட் பர்க்கின் 'பிரெஞ்சுப் புரட்சி பற்றிய சிந்தனைகள்' என்னும் ஏட்டைப் புரட்டுவோம். 1790இல் வெளிவந்த அந்நூலைப் பழமைவாத அரசியலார் இன்றும் தம் மூலநூலாகப் போற்றுகின்றனர். சமுதாயம் என்பது இருப்போரோடு இறந்தோரும் இனிப் பிறப்போரும் சேர்ந்த கூட்டு என்கிறார் பர்க். ஆழ்ந்த கருத்துத்தான். பாட்டன் நட்ட மரத்தைப் பேரன் விறகாக்கலாகாது என்பதை எவர் மறுப்பர்? ஆனால், அக்கருத்து அவரை எங்கே கொண்டு சேர்க்கிறது? அரசியின் அவலத்துக்கு உருகுகிறார். வரிச்சுமையால் முதுகொடிந்த குடியானவனுக்கு அத்துணைக் கண்ணீர் இல்லை. வழிவழி வந்த தப்பெண்ணங்களையும் அறிவின் சேமிப்பு என்கிறார். சேமிப்பில் செல்லாக்காசும் உண்டல்லவா? உரசிப் பார்க்க வேண்டாமா?

உரைகல் அவரிடமே இருந்தது என்பதுதான் விந்தை! ஐந்தாண்டுகட்கு முன்னர், 1785இல், ஆர்க்காட்டு நவாபின் கடன் பற்றி இதே பர்க் பாராளுமன்றத்தில் பேசினார். நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்த கும்பெனி ஊழியர்கள், கர்நாடகத்து உழவனின் வரிப்பணத்தை உறிஞ்சிய கொடுமையை அம்பலப்படுத்தினார். அங்கும் தஞ்சையிலும் பண்டையோர் அமைத்த ஆயிரமாயிரம் ஏரிகளை வியந்தார். வருந்தலைமுறைக்கும் நீர் தேக்கி வைத்தவர்களே மெய்யான மன்னர்கள் என்றார். பாழ்பட்ட ஏரிகளைச் செப்பனிடுவதை விட்டு, கடன்காரர் மடியில் வருவாயைக் கொட்டுவதா என்று குமுறினார்.

ஏரியும் பழமை, அரியணையும் பழமை. ஏரி ஊருக்கெல்லாம் நீர். அரியணை ஒரு குடும்பத்துக்கு இருக்கை. 1785இல் இந்த வேறுபாட்டை உணர்ந்த உள்ளம், 1790இல் அதை மறந்தது.

புரட்சியின் முடிவில் படைத்தலைவன் ஒருவன் நாட்டுக்கு எசமானன் ஆவான் என்று பர்க் எச்சரித்தார். 1799இல் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினான். அந்தத் தொலைநோக்கை மறைத்தல் நேர்மையாகாது. இடிக்கப் புகுவோன் கட்டவும் கற்றிருக்க வேண்டும் என்பது நமக்கும் பாடமே.

அவர் வழிவந்தோருக்கும் வரலாறு பாடம் புகட்டியது. கன்சர்வேடிவ் கட்சியின் டிஸ்ரேலி, 1867இல் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றினார். 1875இல் அவரது ஆட்சி பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. கட்சி அழிந்ததா? வளர்ந்தது! 1999ஆம் ஆண்டுச் சட்டம், பிறப்பினால் மட்டுமே பிரபுக்கள் சபையில் வீற்றிருந்தோருள் பெரும்பாலோரை வெளியேற்றியது. பாராளுமன்றத்தின் கூரை பெயர்ந்து விழவில்லை.

ஆகவே, இக்காலப் பழமைவாதம் எதன் பக்கம் நிற்க வேண்டும்? சட்டத்தின் ஆட்சி, நடுநிலை நீதிமன்றம், மொழி, நூலகம், காடு, நீர்நிலை என அனைவர்க்கும் பொதுவான உடைமைகளின் பக்கம் நிற்கட்டும். பிறப்பால் வந்த பீடங்களைத் தானே முன்வந்து துறக்கட்டும்.

ஏரிக்குக் காவல் நிற்போனுடன் நாமும் கரையில் நிற்போம். அரியணைக்குக் காவல் நிற்போன், ஏரியின் பெயர் சொல்லி நம்மை அழைக்க வேண்டாம்!