குழிக்குள் இறங்கியவன்

கோடைக்கானலுக்குச் சென்று தூண் பாறைகளைக் காணாமல் திரும்புவோர் அரியர். அப்பாறைகளுக்கு அண்மையில், சோலை மரங்களின் வேர்கள் தரையெங்கும் பாம்புகளாய்ப் பின்னிக் கிடக்கும் ஒரு சரிவுக்கு அப்பால், இருண்ட குகை ஒன்று உண்டு. 1821இல் பழனி மலைகளை அளக்க வந்த வார்டு என்னும் ஆங்கில அதிகாரி அதனை முதலில் கண்டார் என்பர். சாத்தானின் சமையலறை என்று பெயரிட்டனர். 1991இல் சந்தான பாரதி இயக்கிக் கமல்ஹாசன் நடித்த 'குணா' அங்கே படமாக்கப்பட்ட பின்னர், சாத்தான் விலகிக் குணா குடியேறினான். இன்று குணா குகை என்றால்தான் யாவருக்கும் தெரியும். பாறைகளுக்கிடையே வாய்பிளந்து கிடக்கும் குழிகளின் ஆழம் மட்டும் பெயர் மாறியதால் குறையவில்லை. விழுந்தவர் பலர், மீண்டவர் இல்லை என்பதே 2006 வரை மலைவாசிகளின் வழக்குரை.

அந்த ஆண்டில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்து மஞ்சும்மலிலிருந்து நண்பர் குழு ஒன்று அங்கு வந்தது. பெரியாற்றங்கரையில், ஏலூர் ஆலைகளின் புகைக்கு அருகே உள்ள ஊர் அது. கார்மேல் சபைத் துறவியரை அறிந்தோர்க்கு அவர்களது மாநிலம் ஒன்றின் பெயராகவும் அது பழக்கமானது. வேலி கடந்து உள்ளே சென்ற அவ்விளைஞருள் ஒருவர் குழிக்குள் விழுந்தார். மற்றொருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை உயிருடன் கொண்டுவந்தார். இறங்கியவருக்கு நடுவண் அரசு பின்னர் ஜீவன் ரக்ஷா பதக்கம் அளித்தது. ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரி 22 அன்று, சிதம்பரம் எழுதி இயக்கிய 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளத் திரைப்படமாக அந்நிகழ்ச்சி வெளிவந்தது. தமிழ்நாட்டிலும் அரங்குகள் நிரம்பின. 2025இல் அறிவிக்கப்பட்ட கேரள அரசு விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்கம் என இரண்டையும் அது பெற்றது.

இத்துணை காலம் கடந்து அப்படத்தைப் பற்றி நாம் எழுத முற்படுவதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

படத்தின் முற்பகுதி கலகலப்பானது. சற்று நீண்டுவிட்டது என்றும் சொல்லலாம். ஒரு திருமண வீட்டில் கயிறிழுக்கும் போட்டி நடக்கிறது. நம் நண்பர் குழு தோற்றுப்போகிறது. அரங்கில் சிரிக்கிறார்கள். அதே கயிறு பிற்பகுதியில் குழியின் வாயில் திரும்பி வரும்போது சிரித்தவர் எவருக்கும் மூச்சு எளிதில் வரவில்லை. இயக்குநர் இந்த ஒப்புமையைச் சுட்டிக்காட்டி விளக்கவில்லை. கைகளையும் கயிற்றையும் மட்டுமே காட்டுகிறார். அந்த அடக்கத்தை நாம் மதிக்கிறோம்.

பயணத்தின்போது வண்டிக்குள் ஓர் உரையாடல் நிகழ்கிறது. கடவுள் என்றால் என்ன என்று பின்னர்க் குழியில் விழப்போகும் சுபாஷ் கேட்கிறான். மேலிருந்து வரும் வெளிச்சம் என்பது போல் வண்டியோட்டி மறுமொழி தருகிறான். பெரிய இறையியல் ஒன்றுமில்லை. பயணத்தில் பொழுதுபோக்கப் பேசும் பேச்சு. ஆனால் சுபாஷ் குழியின் அடியில் கிடந்து மேலே நோக்கும்போது, கைம்முட்டியளவு வெளிச்சத்தைத் தவிர அவனுக்கு வேறொன்றும் இல்லை. அவ்வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஓர் உருவம் இறங்கி வருகிறது. அது அவனுடைய நண்பன் குட்டன். செளபின் ஷாஹிர் குட்டனாகவும், ஸ்ரீநாத் பாசி சுபாஷாகவும் நடித்துள்ளனர். குழியின் உட்புறத்தைப் பெரும்பாவூரில் அரங்காக எழுப்பியவர் அஜயன் சாலிசேரி. ஒளிப்பதிவு ஷைஜு காலித். அரங்கு என்னும் உணர்வே நமக்கு எழவில்லை. பாறையின் ஈரமும் வௌவாலின் வாடையும் மூக்கில் ஏறின என்றால் மிகையன்று.

குருமடத்தில் மறைநூல் கற்ற நமக்கு அக்காட்சி எரேமியா நூலின் முப்பத்தெட்டாம் அதிகாரத்தை நினைவூட்டியது. பாழ்ங்கிணற்றின் சேற்றில் இறக்கிவிடப்பட்ட இறைவாக்கினரை மீட்க, எபேது மெலேக்கு என்னும் கூசு நாட்டவன் முப்பது பேருடன் வருகிறான். வெறுங்கயிற்றோடு வரவில்லை, அரண்மனைக் கிடங்கிலிருந்து பழந்துணிகளையும் கந்தல்களையும் பொறுக்கி எடுத்து வருகிறான். அவற்றை அக்குளில் வைத்து, அதன்மேல் கயிற்றைக் கட்டிக்கொள்ளுமாறு எரேமியாவிடம் சொல்கிறான். கயிறு தோலை அறுத்துவிடக் கூடாதே என்ற அந்தக் கவலையை மறைநூலாசிரியர் விடாது எழுதிவைத்திருக்கிறார். யோசேப்பைக் குழியில் தள்ளியவர்கள் அவனுடைய உடன்பிறந்தோர். எரேமியாவைத் தூக்கியெடுத்தவனோ அயல்நாட்டான். சுபாஷின் குழிவாயிலில் நிற்பவர் உடன்பிறந்தோருமல்லர், அயலாருமல்லர், நண்பர்கள். மழைநீர் வெள்ளமாய்க் குழிக்குள் பாயும்போது கற்களை அடுக்கியும், அது போதாதென்று தம் உடல்களையே கிடத்தியும் அணைகட்டுகிறார்களே, அதுவும் கயிற்றுக்கடியில் வைத்த கந்தல்துணி போன்றதுதான்.

'குணா'வில் இளையராஜா இசையில் கமல்ஹாசனும் ஜானகியும் பாடிய கடிதப் பாட்டு இப்படத்தில் வரும் இடம் குறித்து ஒரு சொல். காதலிக்காக வாலி எழுதிய பாட்டு அது. நண்பனைத் தன் உடலோடு சேர்த்துக் கட்டியவாறு ஒருவன் மேலேறி வரும் கணத்தில் அதனை ஒலிக்கச்செய்தபோது, முப்பதாண்டுகளாய்த் திருமண வீடுகளில் ஒலித்துத் தேய்ந்திருந்த சொற்கள் புதுப்பொருள் பெற்றன. நம்முடன் வந்திருந்த இளைஞர் எழுந்து நின்று கைதட்டினர். நாமும் தட்டினோம், மறைப்பானேன்?

இனிக் குறைகள். எழுத்தாளர் ஜெயமோகன் இப்படத்தைக் கடுமையாகச் சாடி எழுதியதும், அதற்குக் கேரளத்தில் எழுந்த எதிர்ப்பும் வாசகர் அறிந்தவை. காட்டில் குடித்துக் கும்மாளமிடும் கூட்டத்தைப் படம் போற்றுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். 'யானை டாக்டர்' எழுதிய கை அது. காட்டின் பொருட்டு அவர் சினங்கொள்வது புதிதன்று. அவர் பயன்படுத்திய சொற்களை நாம் பயன்படுத்தமாட்டோம். ஆயினும் மலைப்பாதை ஓரங்களில் உடைந்த புட்டிகளைக் கண்டவர் எவரும் அச்சினத்தை முற்றாகத் தள்ளிவிட இயலாது. படம் வெளியான அடுத்த மாதமே, தடையை மீறிக் குகைக்குள் நுழைந்த இளைஞர் சிலர் கைதாயினர். படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது குட்டனின் துணிவா, வேலி தாண்டும் வித்தையா என்று கேட்கத் தோன்றுகிறது. உதவி கேட்டு ஓடிவந்த நண்பர்களைக் காவலர் கொலைகாரராக எண்ணி அடிக்கும் காட்சிகள் தமிழராகிய நமக்கு நாணம் தருவன. அந்நாணம் வேண்டியதே. ஜார்ஜ் மரியான் ஏற்ற உள்ளூர்க்காரர் பாத்திரத்தின் பதைபதைப்பு அதனைச் சற்றே ஆற்றுகிறது.

நமது மனக்குறை வேறு. அக்குழியில் அதற்குமுன் விழுந்து மீளாதவர்கள் படத்தில் அச்சமூட்டுதற்கென்றே வருகின்றனர். எவரும் திரும்பியதில்லை என்று காவலர் சொல்ல, நம் நெஞ்சு திக்கென்கிறது. அதன்பின் அவர்களைப் பற்றிய பேச்சே இல்லை. அவர்களுக்கும் நண்பர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? குழிவாயிலில் நின்று கத்தி, மறுமொழி வராமல், மலையிறங்கிச் சென்ற நண்பர்கள்? இதே பழனி மலைகளில் பெருங்கற்காலத்து மக்கள் நாற்புறமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, கற்றிட்டைகளை எழுப்பிச் சென்றனர். செண்பகனூர் இயேசு சபையினரான ஆங்லாடு அடிகளும் நியூட்டன் அடிகளும் மேடு பள்ளமெல்லாம் ஏறியிறங்கி அவற்றை அளந்தனர். அவர்கள் எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. எழுத்தறியாத மக்கள் தம்முள் இறந்தோருக்குக் கல்நட்டு வைத்த மலையில், எழுத்தறிந்த நாம் விழுந்தோரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. ஒரு திரைப்படம் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பதில்லை, தெரியும். இருப்பினும் நம்மால் இதனைக் கடந்து செல்ல முடியவில்லை.

முன்னர்க் குறித்த காரணத்தை இனிச் சொல்லலாம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் பணியாற்றிய பங்கிலிருந்து ஒன்பது இளைஞர் மலைச்சாரலில் உள்ள ஓர் அருவிக்கு இன்பச்சுற்றுலா சென்றனர். எண்மர் திரும்பினர். ஒன்பதாமவனின் உடலை மறுநாள் மாலையில்தான் எடுக்க முடிந்தது. அடக்கத் திருப்பலியில் நாம் மறையுரை ஆற்றினோம். இளமையின் கட்டுப்பாடின்மை பற்றியும், பெற்றோர் சொல் கேளாமை பற்றியும், தீய நட்பு பற்றியும் பேசினோம். சொற்கள் தடையின்றி வந்தன. எண்மரும் கோயிலின் கடைசியில், தூணோரம், தலைகவிழ்ந்து நின்றிருந்தனர். அடுத்த ஞாயிறு அவர்கள் பூசைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சில மாதங்களில் நமக்கு மாற்றல் வந்தது.

ஆயரின் ஏற்பாட்டால் சென்ற சில ஆண்டுகளுக்குமுன் அதே பங்கிற்கு மீண்டும் வந்தோம். கல்லறைத் திருநாளன்று கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு செல்கையில், ஒரு கல்லறையைச் சுற்றி நடுவயதினர் எண்மர் நிற்பதைக் கண்டோம். ஒருவர் திருப்பூரிலிருந்தும், ஒருவர் துபாயிலிருந்து விடுப்பெடுத்தும் வந்திருந்தனர். அவன் இறந்த நாளிலும் கல்லறைத் திருநாளிலும் முடிந்தவர் எல்லாம் கூடுவார்களாம். கல்லறைக்கு வெள்ளையடித்து, மாலையிட்டு, பிறகு அவன் தாயின் வீட்டில் உண்பார்களாம். முதல் ஆண்டு அவர்கள் வாசலில் நின்றபோது உள்ளே வரச்சொல்ல மனம் வரவில்லை என்று அத்தாய் நம்மிடம் சொன்னார். மூன்றாம் ஆண்டில்தான் சோறு போட்டாராம். "அவுங்களும் அன்னைக்கே செத்துத்தான் வந்தாங்க சாமி, எனக்குத்தான் அது அப்பத் தெரியல" என்றார். நமக்கும் தெரிந்திருக்கவில்லை, தெரிந்துகொள்வதற்கென்று படித்தவர் நாம்.

ஆகவேதான் படத்தின் உச்சக்காட்சியைவிட அதன் இறுதிப்பகுதி நம்மை வருத்தியது. பலர் அதனை வேண்டாத நீட்டிப்பு என்றனர். நமக்கோ படமே அங்குதான் முழுமை பெறுகிறது. மீட்கப்பட்ட சுபாஷ் ஊர் திரும்பியும் மீளவில்லை. குழி அவனோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. அவன் தாய்க்கு நடந்தது தெரியாது; மகனை இப்படி ஆக்கிவிட்டார்கள் என்று நண்பர்களை வெறுக்கிறாள். பின்னர் செய்தித்தாள் வழியே உண்மை வெளிப்படுகிறது. அவள் குட்டனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அந்த அணைப்பில் செளபினின் முகத்தைக் கவனியுங்கள். வீரனின் முகம் அன்று அது; குற்றம் செய்தவனுக்கு மன்னிப்பு வந்தாற்போன்ற முகம். காப்பாற்றியவனுக்கே அம்மன்னிப்பு அவ்வளவு தேவையாயிருந்ததெனில், காப்பாற்ற இயலாமல் திரும்பியவர்களுக்கு எவ்வளவு தேவையாயிருந்திருக்கும்! கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், தூணோரம் நின்ற எண்மரிடம் பத்தடி இறங்கி நடந்து செல்லவில்லை.

படத்தின் முடிவில் உண்மையான மஞ்சும்மல் நண்பர்களின் நிழற்படங்கள் காட்டப்படுகின்றன. நடுவயதை எட்டியவர்கள், சாதாரண மனிதர்கள். கமல்ஹாசன் அப்படக் குழுவினரைச் சென்னையில் சந்தித்ததும் செய்தியாயிற்று. புகழ் அவர்களைத் தேடி வந்தது நன்றே. எனினும் அப்புகழ் வருவதற்குமுன், அத்தனை ஆண்டுகள் அவர்கள் ஒருவரையொருவர் கைவிடாமல் கூடியிருந்ததுதான் நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பெரிய பொருட்செலவில் எடுக்கப்படும் படங்களில் இத்தகைய நட்பைக் காண்பது அரிது. குறைகளோடும் இப்படத்தை நம் இல்லங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து பார்க்கலாம். குடிக்கும் காட்சிகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசவும் செய்யலாம்.

சென்ற நவம்பர் 2 அன்று அந்த எண்மரையும் பங்கு இல்லத்திற்கு அழைத்திருந்தோம். இருபதாண்டுகளுக்கு முந்தைய மறையுரைக்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர்களுக்கு அதில் ஒரு சொல்லும் மறக்கவில்லை என்பதை அப்போது அறிந்தோம். தேநீர் அருந்தியபின், பங்கு மண்டபத்தில் இப்படத்தை எல்லாருமாகப் பார்க்கலாமா என்று தயக்கத்துடன் கேட்டோம். எழுவர் இசைந்தனர். அருவியில் அவன் கையைக் கடைசியாகப் பிடித்திருந்தவர் மட்டும், "நீங்க பாருங்க ஃபாதர், நான் அம்மாகூட இருக்கேன்" என்று சொல்லி எழுந்து சென்றார்.